910 கிலோமீட்டர், ஒன்பது மணி நேரம்

புனேயின் லோஹேகாவ் விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 910 கி.மீ. ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி பத்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் கால அட்டவணை ஒன்றரை மணிக்கு மேல் காட்டுகிறது.

இதில் ஏமாற்று எதுவுமில்லை. விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரும்போது கணக்கு தொடங்குகிறது. சென்னையில் மறுபடி நிற்கும்போதுதான் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

லோஹேகாவில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. 1939-ல் பிரிட்டிஷார் அமைத்த இந்த இடம் அடிப்படையில் விமானப் படைத் தளம். சுகோய் போர் விமானங்களுக்கும் பயணிகள் விமானங்களுக்கும் ஒரே ஓடுபாதை. அதைச் செப்பனிட வேண்டியிருந்ததால் 2021 அக்டோபர் 16 முதல் 29 வரை பயணிகள் விமானமே கிடையாது. 2024 ஜூலையில் புதிய முனையம் இயங்கத் தொடங்கியது, ஓடுபாதை பழையதுதான்.

ராணுவத்தையும் 1869-ல் தொடங்கிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை போன்றவற்றையும் நம்பிப் புனேக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கட்கியிலும் தேஹு ரோடிலும் இன்றும் தெருவில் தமிழ் கேட்கும். இவர்களுக்கு ஊர் என்றால் சோலாப்பூர், வாடி, குண்டக்கல், ரேணிகுண்டா வழியாகப் போகும் ரயில்தான். சென்னைக்கு ஏறக்குறைய 1,090 கி.மீ., சுமார் 20 மணி நேரம். தந்தி வந்த காலத்தில், தகவல் கிடைத்து ரயிலேறிய மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்ததில்லை. கருமாதிக்குத்தான் போய்ச் சேர்ந்தான்.

விமானமும் ஐஸ் பெட்டியும் அந்த நிலையை மாற்றியிருக்கின்றன. ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். விழுப்புரத்திலிருந்து விடியலில் தொலைபேசி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "தம்பி, எப்ப வந்து சேருவே? எத்தனை மணிக்கு எடுக்கலாம்?" என்று சித்தப்பா கேட்கிறார். "சென்னைக்கு ஒன்றரை மணி நேரம்தான்" என்று பதில் சொல்வது சுலபம்.

தேஹு ரோடிலிருந்து லோஹேகாவ் நகரத்தின் மறுபக்கம். நெரிசலில் ஒன்றரை மணி நேரம். கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் நிலையத்தில் இரண்டு மணி நேரம். விமானத்தில் ஒன்றே முக்கால். வெளியே வந்து வண்டி பிடிக்க அரை மணி. பிறகு விழுப்புரத்துக்கு மூன்றரை மணி நேரம். மொத்தம் ஒன்பதே கால் மணி. விமானத்தில் கழிவது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் உடனே கிளம்பும் விமானம் இருந்து, அதில் இடமும் கிடைத்தால்!

நேரடி விமானம் இல்லாத வேளையில் மும்பை வழி என்றால் இன்னும் தாமதம். புனேக்கும் மும்பைக்கும் வான்வழித் தூரம் 125 கி.மீ.தான். ஆனால் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை. 1930-ல் ஓடத் தொடங்கிய டெக்கான் குவீன் ரயில் இந்த மலையில் ஏறி இறங்க இன்றும் மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. 2002-ல் முழுமையடைந்த விரைவுச் சாலையிலும் மலைப்பகுதியில் வண்டிகள் தேங்குவதுண்டு.

ஆகவே ஊரில் காத்திருப்பவர்களிடம் விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். வீட்டு வாசலில் கால் வைக்கும் நேரத்தைச் சொல்லுங்கள். அவர்கள் எடுக்கும் நேரத்தை முடிவு செய்வது அதை வைத்துத்தான்.