பத்தியக் கஞ்சி

பத்தியம் என்றதும் விலக்க வேண்டியவற்றின் பட்டியலே நம் மனத்தில் எழுகிறது: புளி, காரம், எண்ணெய், கத்தரிக்காய். 'பத்ய' என்னும் வடசொல்லுக்கோ வழிக்கு உரியது, உடலுக்கு உகந்தது என்பதே பொருள். எதைச் சேர்ப்பது என்ற கேள்வியும் அதனுள் அடங்கும். அம்மாவின் கடைவாய்ப்பல் அதை எங்களுக்கு உணர்த்தியது.

கீழ்த்தாடை எலும்பில் புதைந்து சீழ் கட்டியிருந்த அப்பல்லை அறுவை செய்து எடுத்தபோது அம்மாவுக்கு வயது 68. மூன்று நாட்கள் அரிசிக் கஞ்சியன்றி வேறெதையும் அவர் தொடவில்லை. "வாய்ப்புண் ஆறுற வரைக்கும் இதுதாம்ப்பா பத்தியம்" என்றார். நான்காம் நாள் கொல்லைப்புறம் செல்லவும் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மருத்துவர் தையலைப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிடுறாங்க?" என்று கேட்டார்.

அன்றிரவு கணக்குப் போட்டோம். ஒருவேளைக் கஞ்சிக்கு 50 கிராம் அரிசி. புரதம் 4 கிராமுக்குள். மூன்று வேளைக்கும் 12 தேறாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு ஏறத்தாழ 42. அதுவும் நலமாக இருப்பவருக்கான அளவு. காயம்பட்ட உடல் கூடுதலாகக் கேட்கும். பல் இருந்த குழியை முதலில் மூடுவது உறைந்த குருதி. அதைப் பின்னிப் பிடிக்கும் ஃபைப்ரின் இழை ஒரு புரதம். பின்னர் வளரும் புதுத்திசுவின் கொலாஜனும் புரதமே.

தம்பி புரதமாவு டப்பா ஒன்றை வாங்கிவந்தான். அம்மா முகர்ந்து பார்த்துத் தள்ளி வைத்தார். அதுவும் பாலிலிருந்து எடுத்ததுதான் என்ற விளக்கம் எடுபடவில்லை. ஆகவே பாசிப்பருப்பை வறுத்து அரைத்தோம். 50 கிராம் மாவைக் குழைய வேகவிட்டு, 200 மில்லி பால் சேர்த்தால் சுமார் 18 கிராம் புரதம். காலையும் மாலையும் அது. மதியக் கஞ்சியில் அடித்துக் கலந்து நன்கு வேகவைத்த ஒரு முட்டை. சிறுநீரகக் கோளாறு இல்லாமையால் மருத்துவரும் இசைந்தார். உறிஞ்சினால் குருதிக்கட்டி பெயர்ந்துவிடக்கூடும் என்று எச்சரித்திருந்தார். வெதுவெதுப்பாக்கிக் கரண்டியால் ஊட்டினோம்.

இரண்டாம் வாரத்தில் தையல் பிரித்தார்கள். புண் நன்கு ஆறிவந்தது. கஞ்சியே ஆற்றியது என்று சொல்லத் துணியோம். மருந்துக்கும் நாட்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அதற்கு முன்பே ஒருநாள், சுவரைப் பிடிக்காமல் அடுக்களைக்கு நடந்துவந்த அம்மா வாணலியை எட்டிப் பார்த்தார்.

"பருப்பு இன்னும் கொஞ்சம் செவக்கணும்" என்றார்.