இம்பாலாவும் ஒரு டிக்கும்

எங்கள் பழைய இம்பாலா ரிவர்ஸ் எடுக்க மறுத்தது ஒரு இந்திய மளிகைக் கடை வாசலில். 2016 ஏப்ரல், சனிக்கிழமை சாயங்காலம். டாலஸுக்குப் பக்கத்தில் அர்விங்கில் இருக்கும் நம்மவர்களுக்குச் சனிக்கிழமை மளிகைக் கடைப் பார்க்கிங் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்குப் பின்னால் மூன்று வண்டிகள், எப்போது கிளம்புவேன் என்று காத்துக் கிடந்தன. லீவரை 'ஆர்'இல் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமுகிறது, வண்டி அசையவில்லை. கடைசியில் நான்கு பையன்கள் சேர்ந்து தள்ளி வெளியே விட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு கூத்து. வண்டி ஒன்றாம் கியரிலேயே கத்திக்கொண்டு போய், திடீரென்று மூன்றாவதுக்குத் தாவியது. இரண்டாவது இல்லவே இல்லை.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்த வண்டியைக் கட்டிக்கிட்டு அழப் போறீங்க?" என்றாள் மனைவி. மடியில் வைத்திருந்த ஃப்ரோசன் பரோட்டா உருகிக்கொண்டிருந்தது.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1996 மாடல் செவர்லே இம்பாலா எஸ்எஸ். பார்க்கப் பெரிய குடும்பக் கார். பானட்டுக்கு அடியில் 5.7 லிட்டர் வி8, 260 குதிரை சக்தி. போலீஸ்காரர்கள் ஓட்டிய கேப்ரிஸின் சொந்தத் தம்பி. 1994லிருந்து 1996 வரை மூன்று மாடல் வருடங்கள்தான் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து இருபது மைலுக்குள் இருக்கும் ஆர்லிங்டன் தொழிற்சாலையில்தான் கட்டினார்கள். 1996 டிசம்பரோடு அதை நிறுத்திவிட்டு, அந்தத் தொழிற்சாலையைப் பெரிய எஸ்யூவிகள் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1999இல் நான் அதை வாங்கியபோது 36,000 மைல் ஓடியிருந்தது. இந்த நாட்டில் எனக்காக, எனக்கு மட்டுமே ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான். மற்றதெல்லாம் குடும்பத்துக்கு. மளிகைக் கடையில் நின்றபோது ஓடோமீட்டரில் 1,62,000 மைல்.

அதில் இருக்கும் ஆட்டோமேடிக் ட்ரான்ஸ்மிஷனுக்குப் பெயர் 4எல்60இ. நான்கு கியர், 'எல்' என்றால் நீளவாக்கில் பொருத்தியது, 60 அதன் வலுவுக்கான குறியீடு, 'இ' எலக்ட்ரானிக். 1982இல் 700ஆர்4 என்ற பெயரில் வந்து, பெயர் மாறி, 1993இலிருந்து கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுக்கு வந்தது.

ரிவர்ஸும் இரண்டாவதும் ஒரே நாளில் போய், ஒன்றும் மூன்றும் மட்டும் மிஞ்சினால், இந்தப் பெட்டியைத் தெரிந்தவர்கள் திறக்காமலே சொல்லிவிடுவார்கள்: 'சன் ஷெல்' உடைந்திருக்கிறது. மணி போன்ற வடிவத்தில் ஒரு தகட்டுப் பாகம். ஒரு பக்கம் பெரிய டிரம்மோடும், கழுத்துப் பக்கம் பின்னால் இருக்கும் சூரியச் சக்கரத்தோடும் பிணைந்திருக்கும். இரண்டாவது கியரிலும் நான்காவதிலும் டிரம்மைச் சுற்றியுள்ள பேண்ட் இறுகி அந்தச் சூரியச் சக்கரத்தை நிறுத்திப் பிடிக்கிறது. ரிவர்ஸில் அதே டிரம் அதைச் சுற்றுகிறது. ஷெல்லின் கழுத்து விட்டுப்போனால் பிடிக்கவும் முடியாது, சுற்றவும் முடியாது. மூன்று கியரும் ஒரேயடியாகப் போய்விடும்.

கடையில் 2,500 டாலர் கேட்டார்கள். முந்தைய வருடம்தான் ரிடையர் ஆகியிருந்தேன். பம்ப், வால்வு செய்யும் தொழிற்சாலையில் 27 வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. மைக்ரோமீட்டர், டயல் கேஜ் எல்லாம் கைக்குப் பழக்கம். புத்தகம் வாங்கினேன், ஒரு நோட்டுப் போட்டேன், ட்ரான்ஸ்மிஷன் ஜாக்கி இரவல் வாங்கினேன். கராஜில் ஏழு வாரம்.

ஆட்டோமேடிக் ட்ரான்ஸ்மிஷனின் உள்ளே எண்ணெய்தான் எஜமான். ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்புகிறது, அந்த அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் கிளட்ச் தட்டுகளை ஒன்றோடொன்று நெருக்குகிறது, வண்டி நகர்கிறது. பிஸ்டன் ஓரத்தில் ரப்பர் சீல். இட்லித் தட்டுக்கு நடுவே துணி போட்ட மாதிரி, ஒரு இரும்புத் தட்டு, ஒரு உராய்வுத் தட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். உராய்வுத் தட்டுகளை முதலில் எண்ணெயில் ஊறப்போட்டுத்தான் அடுக்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்ததும் ஷெல்லின் கழுத்து தனியாகக் கையோடு வந்தது. சும்மா மாற்றினால் போதாது, பலமாக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வெப்பப் பதம் கொடுத்து வலுவாக்கிய ஷெல் வாங்கினேன். பேண்டை அழுத்தும் செர்வோ பிஸ்டன் பழசை எடுத்துவிட்டு, கார்வெட்டில் வருகிற பெரியதைப் போட்டேன். பம்ப்புக்கு உறுதியான வளையங்கள், அழுத்தத்தைக் கூட்டப் பெரிய பூஸ்ட் வால்வு, ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு ஆயில் கூலர். கூலர்தான் இதில் மிகவும் உபயோகம். டெக்ஸஸ் வெயிலில் இந்தப் பெட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான்.

நோட்டில் 41 வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தேன். முடிந்ததும் டிக். 29ஆவது வரி: 'காற்றுச் சோதனை'. டிரம்மைப் பூட்டிய பிறகு, எண்ணெய் போகும் துளைகளில் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்திப் பார்க்க வேண்டும். பிஸ்டன் நகர்ந்து தட்டுகளை அடிக்கும்போது 'தொப்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு நிசப்தமாக இருக்க வேண்டும். 'உஸ்' என்று கேட்டால் சீல் எங்கோ விட்டிருக்கிறது. அரை மணி நேர வேலை.

அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பத்து மணி. கம்ப்ரஸரைப் போட்டால் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு. மறுநாள் காலை பெட்டியை வண்டியில் ஏற்ற மகன் அரை நாள் லீவு போட்டு வருவதாகச் சொல்லியிருந்தான். மேலே இருக்கும் 28 வரிக்கும் டிக் வந்துவிட்டது. காலையில் சீக்கிரம் எழுந்து செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே, கை பழக்கத்தில், 29க்கும் ஒரு டிக் போட்டேன்.

காலையில் செய்யவில்லை. டிக்தான் இருந்ததே.

வண்டி அருமையாக ஓடியது. கியர் மாறும்போது புதுசில் இருந்ததைவிட உறுதியாக ஒரு உதை. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மகனிடம் பத்து தடவை சொன்னேன். பதினோராம் நாள் அவன் ஆஸ்டினில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. "நீங்கதான் இவ்வளவு சொல்றீங்களே, உங்க வண்டியிலேயே போறோம்பா" என்றான். மருமகளும் நான்கு வயதுப் பேத்தியும் ஏறிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வரும்போது, ராத்திரி ஒன்பதரைக்குப் போன். ஹில்ஸ்பரோ தாண்டியிருக்கிறார்கள்.

"அப்பா, மூணாவது பிடிக்க மாட்டேங்குது. என்ஜின் மட்டும் கத்துது, ஸ்பீடு இறங்கிட்டே போகுது. பின்னாடி லாரி வந்து ஒதுங்கிப் போச்சு. ஓரமா நிறுத்திட்டேன்."

பின்னாடி லாரி என்ற பிறகு அவன் சொன்ன எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. டோ வண்டி வர இரண்டு மணி நேரமாம், அதில் எல்லோரும் ஏற முடியாதாம். "லீவரை ரெண்டுல போடு. ஃப்ரீவேயை விட்டு இறங்கு. பக்கத்து ரோட்டுல நாற்பதுக்கு மேல போகாம வா" என்று சொல்லிவிட்டு, மனைவியின் டொயோட்டாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாக்ஸஹாச்சியில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் சந்தித்தோம். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்ல மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கி என் வண்டியில் படுக்க வைத்தாள். பிறகு நான் பின்னால், இம்பாலா முன்னால். விளக்கு மினுக்க மினுக்க, இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு போகும் என் கைவேலையைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன்.

மறுநாள் மகன் கேட்டான்: "என்னப்பா ஆச்சு?"

"கிட்ல வந்த சீல் மட்டமான சரக்கு போலிருக்கு" என்றேன்.

மறுபடி இறக்கிப் பிரித்தேன். செக்கச் சிவப்பாக ஊற்றிய ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை. மூன்றாவது நான்காவது கியருக்கான தட்டுகள் கருகிப்போயிருந்தன; இரும்புத் தட்டுகளில் நீலத் திட்டுகள். பிஸ்டனை வெளியே எடுத்து சீலை வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் உதட்டில் நகக்கண் அளவுக்குப் பிறை போல ஒரு வெட்டு. சீலில் குறை ஒன்றும் இல்லை. பிஸ்டனை உள்ளே இறக்கும்போது, மெல்லிய கம்பி வளையத்தால் உதட்டை மடக்கி விட வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் நான் நெட்டித் தள்ளியிருக்கிறேன். பெரிய பூஸ்ட் வால்வு போட்டு அழுத்தத்தைக் கூட்டியதால் அந்த வெட்டு சரியாகிவிடப் போவதில்லை. அழுத்தம் அந்த வழியாகக் கசியக் கசிய, தட்டுகள் வழுக்கி வழுக்கி எரிந்திருக்கின்றன. காற்றுச் சோதனை செய்திருந்தால் 'உஸ்' சத்தம் அன்று ராத்திரியே சொல்லியிருக்கும்.

நோட்டை எடுத்தேன். 29ஆவது வரி. டிக்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். நான் வேலையில் இருந்தபோது ஒரு டெக்னீஷியன், என்னைவிடப் பத்து வயது இளையவர், இரண்டு சின்னக் குழந்தைகள், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஆறு வால்வுகளுக்கு அழுத்தச் சோதனை செய்யாமலே தாளில் டிக் போட்டுவிட்டார். நான் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தேன். பிறகு சோதித்தபோது ஆறும் தேறின. ஆனாலும் அவருக்கு வேலை போயிற்று. சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே போகும்போது என்னிடம் கேட்டார்: "ஆறும் நன்றாகத்தானே இருந்தது?" நான் சொன்ன பதில் எனக்கு அப்போது ரொம்பப் பெருமையாக இருந்தது: "நன்றாக இருப்பது வேறு, பார்த்தேன் என்று எழுதுவது வேறு."

நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, அதுதான் அந்தக் கராஜில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது என்னைக் குடைந்தது. அப்படிப்பட்ட டிக்கை நான் ஒருநாளும் போட மாட்டேன் என்ற நிச்சயம் என் குரலில் இருந்தது. அவர் தாளில் கெட்டது எதுவும் வெளியே போகவில்லை. என் டிக் என் பேத்தியை ஏற்றிக்கொண்டு ஃப்ரீவேயில் போயிற்று.

அன்று சாயங்காலம் மகனை வரச்சொல்லி நோட்டையும் சீலையும் காட்டினேன். "சீல் மட்டம்னு சொன்னது பொய். சோதிக்காமலே டிக் போட்டிருக்கேன்" என்றேன். அவன் சீலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி, இந்தத் தடவை நான் கூட இருக்கேன்" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது முறை மூன்று வாரம். தினமும் ஆபீஸ் முடிந்து வருவான். செக் பால் என்கிற சின்னக் குண்டுகள் உருண்டு விழாமல் இருக்க வாசலின் தடவி ஒட்ட வைப்பது, டயல் கேஜை வைத்து ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டத்தை அளப்பது, டார்க் கன்வர்ட்டர் மூன்று முறை 'டொக்' என்று இறங்கும் வரை சுற்றி உட்கார வைப்பது எல்லாம் கற்றுக்கொண்டான். கன்வர்ட்டர் முழுதாக இறங்காமல் போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடைந்துவிடும்.

காற்றுச் சோதனையை அவன்தான் செய்தான். ஒவ்வொரு துளையிலும் 'தொப்'. பிறகு நிசப்தம். காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் சரி என்றேன். அவன் டிக் போட்டான்.

இன்ஸ்பெக்டர்களுக்கு ஒரு விதி உண்டு. தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. கீழே இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். பழைய பக்கத்தில் அப்படியே செய்தேன். அந்த நோட்டு இன்னும் கராஜ் அலமாரியில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு இம்பாலா 40,000 மைலுக்கு மேல் ஓடிவிட்டது. போன மாதம் அதே மளிகைக் கடைக்குப் போயிருந்தோம். ரிவர்ஸில் போட்டேன், உடனே பின்னால் நகர்ந்தது. "பரோட்டா உருகறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க" என்றாள் மனைவி.