கைவாகு

ஏகலைவனிடம் துரோணர் பொன்னோ பொருளோ கேட்கவில்லை. வலக்கைக் கட்டைவிரலைக் கேட்டார். கேட்டவர் விவரம் அறிந்தவர். மற்ற நான்கும் இருந்தாலும் இந்த ஒன்று இல்லாவிட்டால் பேனா பிடிப்பதெப்படி? பூத் தொடுப்பதெப்படி? கைப்பேசியில் வீட்டுக்குச் செய்தி தட்டுவதுதான் எப்படி?

இதன் ஆற்றலெல்லாம் மணிக்கட்டை ஒட்டிய அடிமூட்டில் இருக்கிறது. அங்கே டிரபீசியம் என்னும் சிற்றெலும்பின்மேல் கட்டைவிரலின் அடியெலும்பு, குதிரைமேல் சேணம்போல் அமர்ந்திருக்கிறது. கதவுக்கீல் ஒரு வழியே திரும்பும். இந்த மூட்டோ பல வழியிலும் அசையும். சுதந்திரம் மிகுதி, ஆகவே உறுதி குறைவு. விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்திப் பிடித்தால் அடிமூட்டில் ஏறக்குறைய 12 கிலோ பாரம் விழுகிறதென்று கூனி, சாவ் என்ற ஆய்வாளர்கள் 1977இல் கணக்கிட்டார்கள்.

என் அம்மாவுக்கு இந்த மூட்டு தேய்ந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம் காணும் நோய் இது. ஊறுகாய்ப் புட்டியைத் திறக்கும்போது முகம் சுளிப்பாள். "ஓயாமல் உழைத்த கை" என்பார்கள் அண்டை வீட்டார். அம்மாவோ, "உன் பாட்டிக்கும் இப்படித்தான். எங்கள் கைவாகு அது" என்பாள். நானோ அம்மாவை உரித்து வைத்தவள்! என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

யார் சொல்வது சரி? சேணத்தின் குழிவு எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. பொருத்தம் குறைந்தால் பாரம் பரவாமல் ஓரிடத்திலேயே விழும். அங்கே குருத்தெலும்பு தேயலாம். ஆனால் நோய் வந்தபின் எலும்பும் உருமாறுகிறது. ஓரங்களில் முளைகள் கிளம்புகின்றன. ஆகவே தேய்ந்த மூட்டின் படத்தை மட்டும் பார்த்து, வடிவம் காரணமா விளைவா என்று தீர்ப்புச் சொல்லலாகாது. நோய் வருமுன்பே பலரின் எலும்பை அளந்து, ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மேலும், வயது, பரம்பரை, மூட்டின் தளர்ச்சி, பழைய காயம், உழைப்பு எல்லாம் இதில் பங்காளிகள். வடிவம் அவற்றுள் ஒன்று, அதுவே விதியன்று.

எலும்பின் வாகை நாம் மாற்ற முடியாது. அதன்மேல் விழும் பாரத்தைக் குறைக்கலாம். தடித்த கைப்பிடியுள்ள கரண்டியும் கத்தியும் உதவும். மருத்துவர் தரும் பட்டை மூட்டைத் தாங்கும்; அவர் கற்பிக்கும் பயிற்சியும் பலன் தரும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களே, தோழியரே! அம்மாக்கள் முழங்கால் வலியைச் சொல்வார்கள். விரல் வலியைச் சொல்லமாட்டார்கள். நாமே கேட்போம். கேட்டுவிட்டு, தேங்காயை நாம் துருவுவோம்.