தொண்டைக்குள் குழாய்: கண்ணால் பார்த்தா, கேமராவில் பார்த்தா?

1/
ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்ததும் நடக்கிற ஒரு நிமிஷ வேலையைப் பற்றிய இழை இது. நோயாளிக்கு அது தெரியாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரங்களுக்கும் தெரியாது. மயக்க மருத்துவருக்கு அந்த ஒரு நிமிஷம்தான் பெரிசு.

2/
முழு மயக்கத்தில் பெரும்பாலும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்த்துக் கொடுப்போம். அப்போ மூச்சும் நின்னுடும். அதனால முன்கூட்டியே முகமூடி வழியா ஆக்சிஜன் கொடுத்து நுரையீரலை நிரப்பி வைப்போம். அந்தக் கையிருப்பு சில நிமிஷம் தாங்கும். உடல் பருமன் உள்ளவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் குறைவு. அதுக்குள்ள குரல் நாண்களுக்கு நடுவே டியூப் போகணும்.

3/
பழைய கருவி லாரிங்கோஸ்கோப். ஒரு கைப்பிடி, வளைந்த தகடு, அதில் ஒரு லைட். இன்னிக்கும் நாங்க பயன்படுத்தும் வளைந்த தகட்டை ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் மெக்கின்டாஷ் 1943-ல் அறிமுகப்படுத்தினார். நாக்கை இடப்பக்கம் ஒதுக்கித் தூக்கினா, டாக்டர் கண்ணும் நோயாளியின் குரல் நாணும் நேர்கோட்டில் வரணும். கழுத்து வளையாதவங்க, தாடை சின்னதா இருக்கிறவங்க, முன்பல் துருத்தினவங்ககிட்ட அந்தக் கோடு லேசில் கிடைக்காது.

4/
வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் தகட்டின் நுனிக்குப் பக்கத்திலேயே கேமரா. அது வளைவைத் தாண்டி எட்டிப் பார்த்து ஸ்கிரீனில் காட்டும். டாக்டர் மட்டுமில்ல, பக்கத்தில் நிற்கும் நர்ஸும் பார்க்கலாம். "கழுத்தைக் கொஞ்சம் அமுக்குங்க"ன்னா, எங்கே அமுக்கினா வழி தெரியுதுன்னு அவங்களுக்கே புரியும்.

5/
எது மேல்? அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 8,429 அறுவை சிகிச்சைகளில் ஒப்பிட்டுப் பார்த்து 2024-ல் வெளியிட்டாங்க. ஒரு முயற்சிக்கு மேல் தேவைப்பட்டது கேமராவில் 1.7%, நேரடிப் பார்வையில் 7.6%. பல், தொண்டைக் காயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. 222 ஆய்வுகளைத் தொகுத்த 2022-ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கையும் கேமரா பக்கம்தான்.

6/
முதல் முயற்சியிலேயே போறது ஏன் அவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு தடவை உள்ளே போய் வரும்போதும் தொண்டை வீங்கலாம், ரத்தம் கசியலாம். அடுத்த முயற்சி இன்னும் கஷ்டமாகும். ஆக்சிஜன் கையிருப்பும் கரைஞ்சுக்கிட்டே இருக்கும்.

7/
கேமராவுக்கும் குறை உண்டு. ரத்தமோ வாந்தியோ லென்ஸில் பட்டா ஸ்கிரீன் முழுக்க சிவப்பு. சார்ஜ் போச்சுன்னா ஒண்ணுமில்லை. சில சமயம் வழி அழகாத் தெரியும், டியூப் மட்டும் அந்த வளைவில் திரும்பாது. அதனால பழைய தகட்டில் கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

8/
ஆழ்வார்குறிச்சியிலிருந்து மாமா போன் பண்ணினாங்க. "மருமவனே, அத்தைக்குக் கழுத்துக் கட்டி ஆபரேசன். கேமரா வச்சுக் குழா போடணும், அதுக்குத் தனித் துட்டுன்னு சொல்லுதாவ. அவசியம்தானா?"

அவசியம்தான்னேன். அப்புறம் கேட்டேன்: "அத்தை வாய் எவ்வளவு திறக்கும் மாமா?"

"வெத்தலை போட்டுப் போட்டு அவளுக்கு வாயே திறக்காதுல்லா. சோத்து உருண்டையவே சின்னதாத்தான் உருட்டுவா."

"இதை அங்கே சொன்னீங்களா?"

"மயக்க டாக்டரு நாளைக்குத்தான் பாக்காவளாம். சுகர் சொல்லிட்டோம், பிரஷர் சொல்லிட்டோம். வாயைப் பத்தி யாரு கேட்டா?"

9/
பாக்கு வருஷக்கணக்கா மென்னா கன்னத்து உள்சதை நார் மாதிரி இறுகிப் போகும். சாதாரணமா மூணு விரல் நுழையும் வாயில் ஒண்ணுகூட நுழையாம போகலாம். அங்கே 1943 தகடும் போகாது, கேமரா வச்ச தகடும் போகாது. அத்தைக்கு விழிப்பிலேயே மூக்கையும் தொண்டையையும் மரத்துப் போக வச்சு, மூக்கு வழியா வளையும் கேமராக் குழாயை விட்டு, அதன் மேலேயே டியூபை இறக்கினாங்க. அப்புறம்தான் மயக்கம். நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டாங்க. முந்தின நாளே தெரிஞ்சதால பதறாம நடந்த காரியம்.

10/
"வாயைத் திறங்க, நாக்கை நீட்டுங்க"ன்னு நாங்க கேட்பது சம்பிரதாயத்துக்கு இல்லை. இந்தியாவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய டாக்டர் மல்லம்பட்டி 1985-ல் வெளியிட்ட சோதனை அது. உள்நாக்கு எவ்வளவு தெரியுதோ, அதை வச்சு டியூப் போடறது கஷ்டமா லேசான்னு ஒரு கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்கு மட்டும் போதாது. மிச்சத்தை நீங்கதான் சொல்லணும்.

11/
இன்னொண்ணு. கேமரா பெரிய ஊர் ஆடம்பரம்னு நினைக்காதீங்க. பாளை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி மாதிரி இடத்தில் ஒருத்தர் திணறினா கை கொடுக்க இன்னொரு மயக்க டாக்டர் ஓடி வருவார். ஒரே ஒரு மயக்க டாக்டர் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணை யாரு? கேமரா முதலில் போய்ச் சேர வேண்டியது அங்கேதான்.

12/
ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்காமலே சொல்ல வேண்டியவை:
• முன்னாடி மயக்கம் கொடுத்தப்போ டியூப் போடச் சிரமம்னு யாராவது சொன்னாங்களா
• ஆடுற பல், கட்டின பல்
• வாய் மூணு விரல் அளவு திறக்குதா, பாக்குப் பழக்கம் உண்டா
• கழுத்தை அண்ணாந்து பார்க்க முடியுதா
• பலமான குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது
• கடைசியா எப்போ சாப்பிட்டீங்க. "ஒரே ஒரு காப்பிதான்"னாலும் மறைக்காதீங்க

இன்னிக்கு ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு மூணு விரலை நிமிர்த்தி வாய்க்குள்ள வச்சுப் பாருங்க. நுழையலைன்னா, ஆபரேஷன் இருக்கோ இல்லையோ, பாக்கை நிறுத்திட்டு ஒரு பல் டாக்டர்கிட்ட வாயைக் காட்டுங்க.

(முற்றும்)