கடைசி பஸ்ஸும் மஞ்சள் கயிறும்

எங்கள் கலியாணத்துக்கு அச்சடித்த அழைப்பிதழ்கள் ஒரு கட்டு இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அதில் உள்ள தேதி 2020 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை. அட்சய திருதியை.

நான் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். மாத்தளை நகரில் புடவைக்கடையில் வேலை. அவர் பக்கத்துப் பலசரக்குக் கடையில் நின்றார். கடை மூடப் பிந்தினால் எங்கள் கடைசி பஸ் போய்விடும். ஒருநாள் மழையில் ஓடி வந்தபோது பஸ் புறப்படாமல் நின்றது. படியில் ஒரு காலை வைத்தபடி, "இன்னும் ஒரு பிள்ளை வரணும்" என்று கொண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் அவர். அதுதான் தொடக்கம். பிறகு இரண்டு வருடம் "பஸ் கிடைச்சிச்சா?" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்டதில்லை.

அப்பா முதலில் மறுத்தார். பிறகு, "ஊரைக் கூட்டி மண்டபத்தில் செய்யணும்" என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். அதற்காக இருவரும் மூன்று வருடம் சீட்டுப் போட்டோம். மாசி மகத் தேர் முடிந்த கையோடு விவாகப் பதிவாளரிடம் அறிவித்தலும் கொடுத்தோம்.

மார்ச் 20 மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு. கடை பூட்டியது, எனது சம்பளம் நின்றது. சீட்டுப்பணம் இரண்டு வீட்டுக்கும் அரிசியாகவும் மாவாகவும் கரைந்தது.

கலியாணத்தைத் தள்ளி வைத்தோம். ஆனால் அறிவித்தல் கொடுத்து மூன்று மாதத்துக்குள் எழுத்து முடியாவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஜூன் முதல் வாரம் முகக்கவசத்தோடு கையொப்பமிட்டோம். சட்டப்படி நான் அவர் மனைவி. ஆனால் தாலி ஏறாமல் கணவன் வீடு போவது எங்கள் வழக்கமில்லை.

"எழுத்து முடிஞ்சவள் இன்னும் லயத்திலா? மாப்பிள்ளைக்கு மனசு மாறிச்சோ?" பீலிக்கரையில் கேட்ட இந்தப் பேச்சினால் அம்மா பகலில் தண்ணீருக்குப் போவதையே நிறுத்தினார். வட்டிக்கு வாங்கியாவது விருந்தைச் செய்வோம் என்றார் அப்பா. நானும் அழுதேன். அவர் சொன்னார்: "கடன் வாங்கினா, அந்தக் கடனையும் சேர்த்துத்தான் உங்களைக் கூட்டிப் போகணும். எனக்குப் பயமா இருக்கு."

முடிச்சை அவிழ்த்தவர் அப்பாயி. "எனக்கு மஞ்சக் கயித்துலதான் தாலி கட்டுனாங்க. உங்க தாத்தா போற வரைக்கும் அது அறுந்து விழல" என்றார். அப்பாவால் பதில் பேச முடியவில்லை.

ஆவணியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஒன்பது பேர் முன்னிலையில் தாலி ஏறியது. விருந்து தையில் என்றோம். அதற்குள் இரண்டாம் அலை, அடுத்த வருடம் மூன்றாம் அலை. 2022இல் காஸ் வரிசை. விருந்து நடக்கவேயில்லை. அப்பாயி 2021இல் கண்மூடினார். விருந்துக்காகக் காத்திருந்தால் என் கழுத்தில் அவர் தாலியைப் பார்த்திருக்க மாட்டார்.

சகோதரிகளே, விருந்தைத் தள்ளிப் போடலாம், தவறில்லை. எழுத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஒரு பெண்ணுக்கு அந்தத் தாள் பாதுகாப்பு. ஊர் வாய்க்குப் பயந்து வட்டிக்கும் போகாதீர்கள். பேசியவர்கள் யாரும் தவணை கட்ட வரமாட்டார்கள்.

மிஞ்சிய அழைப்பிதழ்கள் வீணாகவில்லை. அவற்றின் பின்பக்கத்தில் எங்கள் மகள் இப்போது 'அ' எழுதிப் பழகுகிறாள்.