தசமபாகமும் சம்பளத்துண்டும்

எமது மகன் தனது முதலாவது சம்பளத்துண்டைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தான். வருமானவரிக்குக் கீழே இன்னொரு கழிவு இருந்தது: தேவாலய வரி. "அப்பா, இது நான் குடுத்ததில்லை, அவையள் எடுத்தது" என்றான். இந்நாட்டில் பதிந்த அன்று, மதம் யாதென வினவிய படிவத்தில் 'கத்தோலிக்கர்' என அவனுக்கும் சேர்த்து எழுதியவர் நாமே. அச்சொல்லுக்கு ஒரு விலை உண்டென்பதை அப்போது அறியோம்.

யேர்மனியில் பவேரியா, பாடன் வூர்ட்டம்பேர்க் ஆகிய மாநிலங்களில் வருமானவரியின் 8 வீதமும், ஏனையவற்றில் 9 வீதமும் இவ்வாறு அறவிடப்படுகின்றன. 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பில் இடம்பெற்ற இவ்வுரிமை, 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்திலும் தொடர்ந்தது. எம்மவர் சிலர் இதனைத் தசமபாகம் என்பர். அது தவறு. இது சம்பளத்தின் பத்திலொன்று அன்று, வரியின்மேல் வரி.

தசமபாகத்தின் வேர் வேறிடத்தில் உள்ளது. போரில் மீட்ட பொருளில் பத்திலொன்றை ஆபிரகாம் சாலேமின் அரசகுருவான மெல்கிசேதேக்குக்குக் கொடுத்ததாக ஆதியாகமம் கூறும். பின்னர் மோசேயின் சட்டம் விளைச்சலிலும் மந்தையிலும் பத்திலொன்றைக் கேட்டது. ஏனெனில் ஆலயப் பணிசெய்த லேவியருக்குக் காணி இல்லை. (காணியற்றவர் நிலையை இப்பத்திரிகையின் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை.) அவர்களும் தாம் பெற்றதில் பத்திலொன்றைக் குருக்களுக்கு ஈந்தனர். மூன்றாம் ஆண்டின் பங்கோ ஊர்வாசலிலேயே வைக்கப்படவேண்டும். லேவியரோடு அந்நியரும் அநாதைகளும் விதவைகளும் அதனை உண்பர் என்கிறது உபாகமம். ஊரில் வேதபாடம் கற்பித்த காலத்தில் 'அந்நியர்' என்ற சொல்லை நாம் விரைந்து கடந்துவிடுவோம். அகதிமுகாமில், யாரோ கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்ட இரவில்தான் அது எவரைக் குறித்ததென விளங்கிற்று.

யாக்கோபின் கதையும் அவ்வாறே. அண்ணன் ஏசாவுக்கு அஞ்சி ஓடியவன், கல்லைத் தலைக்கு வைத்து உறங்கிய பெத்தேலில் ஒரு நேர்த்தி வைத்தான். உணவும் உடையும் தந்து, தந்தை வீட்டுக்குச் சமாதானத்தோடு திரும்பச் செய்தால், பெறுவதில் பத்திலொன்றைத் தருவதாகச் சொன்னான். கடவுளோடு பேரமா என மாணவர் சிரிப்பர். நாமும் உடன் சிரித்ததுண்டு. ஊரைவிட்டுப் புறப்பட்ட இரவில் அதே நேர்த்தியை நாமும் வைத்தோம். உணவு கிடைத்தது. உடையும் கிடைத்தது. வீடு திரும்புதல் மட்டும் கிட்டவில்லை. ஆகவே எமக்குக் கடன் இல்லை என வாதிட்டோம். "மூண்டிலை இரண்டு தந்தவருக்கு ஒண்டுமில்லையோ?" என்றார் மனைவியார். ஊரில் உலைவைக்குமுன் பிடியரிசி எடுத்துவைத்த கை, இங்கே மாதந்தோறும் ஒரு பிஸ்கற் பேணிக்குள் பணம் போடுகின்றது. அதற்கு அவர் கணக்கு எழுதுவதில்லை.

திருச்சபையிலிருந்து விலகும் பத்திரத்தை மகன் வாங்கி வந்துள்ளான். நாம் தடுக்கவில்லை. மிஞ்சும் பணம் எவருக்கு என்று மாத்திரம் கேட்டோம். அவன் உடனே விடை கூறவில்லை. மனைவியார் பேணியை எடுத்துவந்து, சம்பளத்துண்டின் அருகே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.