மண்ணோடு எடுத்த செடி

வாடிய செடியைக் கண்டதும் மனிதர் கை முதலில் தேடுவது தண்ணீர்க் குவளையை. அடுத்துத் தேடுவது உரப்பையை. வேர் அறுந்ததால் வாடிய செடிக்கு இவ்விரண்டுமே தீங்காக முடியக்கூடும். கொச்சி கலூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருக்கும் ஆய்வு மாணவி ஒருவர் இதைப் புத்தகத்தில் முன்பே படித்திருந்தார். ஆயினும் நாற்பது நாற்றுகள் கண்முன்னே தலைசாய்ந்து கிடந்த ஜூன் மாத மாலையில் அவர் கையும் குவளையைத்தான் தேடியது.

தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த அவர் ஆராய்வது புளிச்சை நாரை. கீரையாக நாம் அறிந்த அதே புளிச்சைதான்; தண்டிலிருந்து கயிறும் சாக்கும் ஆகும் நாரைத் தருவது. 1759இல் லின்னேயஸ் இதற்கு ‘ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ்’ என்று பெயரிட்டார். கன்னாபினஸ் என்றால் கஞ்சாவைப் போன்றது. விரல் விரித்தாற்போல் பிளந்த அதன் இலையைக் கண்டவர் எவரும் அப்பெயரின் நியாயத்தை மறுக்கமாட்டார். எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்த ஒருவர், இதை வளர்க்க அனுமதி உண்டா என்று கவலையோடு விசாரித்ததும் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்படி உரிய அனுமதியின்றிக் கஞ்சா பயிரிடுவது குற்றம். மாணவி பூவின் படத்தைக் காட்டி, இது செம்பருத்தியின் உறவு என்று விளக்கினார்.

கஞ்சாவும் கொச்சியின் தாவரவியல் வரலாற்றுக்கு அந்நியமன்று. இங்கிருந்த டச்சு ஆளுநர் வான் ரீடின் முயற்சியால் உருவாகி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் பத்தாம் தொகுதியில் அது இரு பெயர்களில், இரு படங்களாக இடம்பெற்றுள்ளது. ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகளாக வளரும் இனம் அது. கஞ்சாவும் புளிச்சையும் வெவ்வேறு குடும்பத்தவை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டும் நேராகக் கீழிறங்கும் ஆணிவேரை நம்பி வாழ்பவை. அதனால்தான் நார்ப்பயிராக வளர்ப்போர் இவற்றை நாற்றுவிட்டு நடாமல், விதையை நேரே நிலத்தில் விதைக்கிறார்கள்.

மாணவிக்கு அந்த வசதி இல்லை. அவரிடம் இருந்தது ஒரு பிடி விதை. நிலத்தை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போன முதியவர் ஒருவர், “இதுக்கு மேல என்கிட்ட இல்லம்மா” என்று சொல்லிக் கொடுத்தது. ஒரு விதையும் வீணாகக்கூடாதென்று குழித்தட்டுகளில் முளைக்கவைத்திருந்தார். நீர்த்தொட்டியைப் பழுதுபார்க்க வந்தவர்கள் தட்டுகளை இடம் மாற்றியபோது அவை சரிந்தன. தென்னை நார்க்கழிவு உதிர்ந்து, நாற்றுகள் வேர் அறுந்து தரையில் கிடந்தன.

வேர் அறுந்த செடியின் சிக்கல் ஒரு கணக்குச் சிக்கல். நீரை உறிஞ்சும் பணியில் பெரும்பங்கு நுனிவேர்களுக்கும் அவற்றின் மீதுள்ள தூவிகளுக்கும் உரியது. அவை முதலில் அறுபடுகின்றன. இலைகளோ வழக்கம்போல் நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கின்றன. வரவு குறைந்து செலவு குறையாத வீட்டின் நிலை அது. மண்ணில் நீர் நிறைந்திருந்தும் செடி தாகத்தால் வாடுகிறது. மேலும் நீரூற்றினால் மண்ணிலுள்ள காற்று வெளியேறி, காயம்பட்ட வேர் அழுகுகிறது. உரமிட்டாலோ மண்ணீரில் உப்பின் செறிவு கூடி, வேருக்குள் நீர் நுழைவது இன்னும் கடினமாகிறது. எனவே செய்யத்தக்கது செலவைக் குறைப்பதே. நிழல், ஈரக்காற்று, காற்றோட்டமுள்ள மண், அளவான நீர், பின்பு காத்திருத்தல். இலைகளை முழுதும் கிள்ளிவிடவும் கூடாது. புது வேருக்கு வேண்டிய உணவும் அதைத் தூண்டும் ஆக்சினும் மேலிருந்துதான் இறங்கவேண்டும்.

இந்தக் கணக்கை வேறு சொற்களில் சொன்னவர் வீட்டுக்கார அம்மச்சி. கடமக்குடியில் பிறந்து வளர்ந்தவர். இளமையில் பொக்காளி வயலில் வேலை செய்தவர். குவளையோடு நின்ற மாணவியைத் தடுத்து, “வெள்ளம் போதும் மோளே, நிழல் கொடு” என்றார். இரண்டு தென்னங்கீற்றுகளைச் சாய்த்துவைத்தார். பிறகு, செடியை எடுக்கும்போதெல்லாம் மண்ணோடு எடுக்கவேண்டும் என்று சொல்லித் தம் ஊர் வயலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பொக்காளி, கொச்சியைச் சுற்றியுள்ள உவர்நிலங்களில் விளையும் நெல். 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. கோடையில் கடல்நீர் ஏறி இறால் வளரும் அதே வயலில், மழை வந்து உப்பைக் கழுவியபின் நெல் விளைகிறது. மழைக்கு முன்பே சேற்றைக் குவித்துச் சிறு மேடுகளாக்கிவிடுவார்கள். முதல் மழையில் மேட்டின் உப்பு கரைந்து வடிந்ததும் முளைகட்டிய விதையை அதன் உச்சியில் விதைப்பார்கள். விதைநிலமும் நாற்றங்காலும் அந்த மேடுதான். ஏறத்தாழ ஒரு மாதத்தில் நாற்று முழங்கால் உயரம் வளர்ந்ததும் மேட்டை மண்வெட்டியால் வெட்டி, சில நாற்றுகள் நிற்கும் கட்டிகளாக வயலெங்கும் பரப்புவார்கள். நாற்றைப் பிடுங்குவதும் இல்லை, வேரைக் கழுவுவதும் இல்லை. வேர் தன் மண்ணோடு பயணம் செய்கிறது. உவர்ப்பு மிச்சமிருக்கும் புதிய இடத்தைச் சந்திக்கும்போது அதன் காலடியில் பழகிய ஒரு பிடி மண் இருக்கிறது.

இடுப்பளவு சேற்றில் நின்று அந்தக் கட்டிகளைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அம்மச்சியின் மகள்களுக்கு அவ்வேலை தெரியாது. பொக்காளி நிலப்பரப்பும் பெருமளவு சுருங்கிவிட்டது. வைற்றிலையிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் அந்த நெல்லின் மேம்பட்ட இரகங்களை உருவாக்கியிருக்கிறது. ஆனால் எந்த ஆழத்தில் மண்வெட்டியை இறக்கினால் வேர் அறாது என்பதை விதையோடு சேர்த்து உறையிலிட்டு அனுப்ப முடியாது. அதை அறிந்த கைகளுக்கு அருகே இன்னொரு கை இருந்தாகவேண்டும்.

கீற்று நிழலில் ஒன்பது நாள்கள் நாற்றுகள் அப்படியே நின்றன. கீழிலைகள் பழுத்து உதிர்ந்தன. பத்தாம் நாள் சிலவற்றின் நுனியில் புதுத்தளிர் தெரிந்தது. கீழே பக்கவேர்கள் ஓடத் தொடங்கிவிட்டன என்பதற்கு மேலே கிடைக்கும் முதல் சான்று அது. நாற்பதில் இருபத்தாறு பிழைத்தன. நிழலை ஒரே நாளில் நீக்காமல், காலை வெயிலில் மட்டும் தொடங்கிச் சிறிது சிறிதாக நீக்கினார்.

பிழைத்த செடிகள் வேறொரு கேள்வியை எழுப்பின. ஆணிவேர் முறிந்த புளிச்சை பக்கவேர்களைப் பரப்பி வாழ்ந்துவிடும். ஆனால் முன்போல் உயரமாக வளரும் என்பதற்கு உறுதியில்லை. நாரின் நீளத்தை அளக்கும் ஆய்வில் அவற்றைச் சேர்ப்பது அளவையே பிழையாக்கும். சேர்க்காவிட்டால் அட்டவணை பாதி காலியாகும்; உதவித்தொகைக் காலமோ முடியும் தறுவாயில் இருந்தது. விபத்தைக் குறிப்பிடாமல் எண்களை மட்டும் எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மாணவி இருபத்தாறு செடிகளையும் அளவீட்டிலிருந்து நீக்கி, ‘வேர்ச் சேதம், விதைக்காக மட்டும்’ என்று ஏட்டில் எழுதினார். நெறியாளர் அதைப் படித்துவிட்டு, கால நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்.

பகல் குறுகத் தொடங்கியதும் செடிகள் பூத்தன. வெளிர்மஞ்சள் இதழும் கருஞ்சிவப்பு நடுவும் கண்ட எதிர்வீட்டுக்காரர், இது கஞ்சா இல்லை என்று தாமே எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினார். காய்கள் முற்றி உலர்ந்தபின் விதை ஒரு பிடி அன்று, நாழிக்கு மேல் இருந்தது. ஒரு பங்கு அடுத்த பருவ ஆய்வுக்கு. ஒரு பங்கு அம்மச்சியின் தோட்டத்துக்கு. ஒரு பங்கு மகன் வீட்டிலிருக்கும் அந்த முதியவருக்கு அஞ்சலில் சென்றது. அடுத்த முறை குழித்தட்டு வேண்டாமென்றும், விதையை நேரே மண்ணில் ஊன்றுவதென்றும் முடிவாயிற்று.